எழுதாத சட்டம் – 9: லான்ட்ரிசன்ட் மலையில் எரிந்த தீ

சென்ற வாரம் 1788-ம் ஆண்டு இங்கிலாந்தில் நின்றோம். லின் என்பவர் ஒரு கல்லறையைத் தோண்டி, புதைத்த பிணத்தை எடுத்துச் சென்றார், அறுத்து ஆராய்வதற்காக. பிணம் யாருக்கும் சொத்தல்ல என்பதால் அது திருட்டில் சேராது. ஆராய்ச்சிக்காகப் பிணம் எடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் எந்தச் சட்டமும் போட்டிருக்கவில்லை. இருந்தும் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. மனித நாகரிகத்துக்கு விரோதமான செயல், ஆகவே காமன் லாவின்படி, அதாவது நீதிபதிகளின் தீர்ப்புகளால் வளர்ந்த எழுதாத சட்டத்தின்படி, குற்றம் என்றது.

அதற்கும் முன்னால், 1663-ல் சர் சார்லஸ் செட்லி மதுக்கடை மாடத்தில் நிர்வாணமாக நின்று தெருவில் போனவர்களை அவமதித்தபோதும், 1727-ல் பதிப்பாளர் எட்மண்ட் கர்ல் ஆபாசப் புத்தகம் வெளியிட்டபோதும் நடந்தது இதேதான். சட்டத்தில் பெயரில்லாத செயலுக்கு நீதிபதிகளே பெயர் வைத்தார்கள். தண்டனையும் அவர்களே கொடுத்தார்கள். மக்களின் ஒழுக்கத்துக்கு நாங்களே காவல் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

இந்தக் காவல் எதுவரை செல்லும்? ஊர் முகம் சுளிக்கிற எதையும் ஒரு நீதிபதி குற்றம் என்று சொல்லிவிட முடியுமா?

1884-ல் அந்தக் கேள்வியை ஒரு கிழவரும் ஒரு குழந்தையின் பிணமும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

* * *

ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு வேல்ஸில் மலைமேல் அமைந்த சிற்றூர் லான்ட்ரிசன்ட். ஞாயிறென்றால் அந்த ஊரில் கடை இல்லை, வேலை இல்லை, ஜெபக்கூட்டம் மட்டும்தான். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் தீ எரிவது தெரிந்தது. ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்கள் அந்தத் திசையில் ஓடினார்கள்.

அங்கே நீண்ட வெண்தாடியுடன் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு பீப்பாய். அதில் பத்து காலன் எண்ணெய். எண்ணெய்க்கு நடுவே எரிந்துகொண்டிருந்தது ஐந்து மாதக் குழந்தையின் உடல்.

கூட்டத்துக்கு வெறி ஏறியது. யாரோ தீயின்மேல் மண்ணை அள்ளிப் போட்டார்கள். பாதி எரிந்த உடலை வெளியே எடுத்தார்கள். போலீஸ் வந்து முதியவரைப் பிடித்துக்கொண்டு போனது. அன்று இரவு அவருக்குப் பாதுகாப்பாக இருந்த ஒரே இடம் போலீஸ் காவல்தான்.

குழந்தை அவருடைய மகன். மூன்று நாட்களுக்கு முன் இறந்திருந்தான். அவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் யேசி கிரிஸ்ட். வேல்ஸ் மொழியில் அது இயேசு கிறிஸ்துவின் பெயர். ஜெபக்கூட்டத்திலிருந்து நேராக வந்த மக்களுக்கு இதைவிடப் பெரிய தெய்வ நிந்தனை இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருக்கு இந்தக் காட்சியில் எது குற்றம் என்று உடனே புலப்படாது. சிதை நமக்குப் பழகியது. நாம் குழந்தைகளை எரிக்காமல் புதைக்கும் வழக்கம் உள்ளவர்கள் என்றாலும், பிணத்தை எரிப்பது என்ற செயலே நம்மைத் திடுக்கிட வைப்பதில்லை. ஆனால் 1884-ன் பிரிட்டனில், அதிலும் வேல்ஸின் சிற்றூரில், உடலை எரிப்பது என்றால் அந்த ஆன்மாவின் உயிர்த்தெழுதலையே எரிப்பது. கடைசி நாளில் உடல் கல்லறையிலிருந்து எழும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பிய சமூகம் அது. அவர்களுடைய கோபத்தில் பொய் இல்லை.

* * *

டாக்டர் வில்லியம் பிரைஸுக்கு அப்போது வயது 83.

லண்டனில் அறுவை மருத்துவம் படித்துத் தேறியவர். பொன்டிப்பிரீத் நகரின் சங்கிலித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்துத் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட மருத்துவர். புகை பிடிப்பவர்களுக்கு, அந்தப் பழக்கத்தை விட்டாலொழிய மருந்து தரமாட்டார். மாமிசம் சாப்பிடமாட்டார். காலுறை அணியமாட்டார். தலையில் நரித்தோல் தொப்பி. நரியின் வால் முதுகுப் பக்கம் தொங்கும். பழைய வேல்ஸ் மக்களின் ட்ரூயிட் மதத்துக்குத் தாமே குரு என்று அறிவித்துக்கொண்டவர். திருமணம் பெண்ணை அடிமையாக்குகிறது என்று வாதிட்டவர். எண்பது வயதுக்கு மேல், இருபதுகளில் இருந்த குவென்லியன் என்ற பெண்ணோடு வாழத் தொடங்கினார். அந்த வாழ்வில் பிறந்த முதல் பிள்ளைதான் இறந்த குழந்தை.

இவரைக் கிறுக்கர் என்று எழுதி முடித்துவிட்ட நூல்கள் உண்டு. அது அநியாயம். 1830-களில் சாதாரணத் தொழிலாளிக்கும் வாக்குரிமை கேட்டுக் கிளம்பிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் இவர் பொன்டிப்பிரீத் பகுதித் தலைவர். 1839 நவம்பரில் நியூபோர்ட் நகரில் அந்த இயக்கத்தார்மீது ராணுவம் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அரசு தலைவர்களைத் தேடியது. பிரைஸ் பிரான்ஸுக்குத் தப்பி ஓடினார். ஊர் திரும்பியபின் பல வழக்குகளில் தமக்குத் தாமே வாதாடிப் பழகினார். நீதிமன்றம் அவருக்குப் புதிய இடமல்ல.

பிணத்தைப் புதைப்பது மண்ணைக் கெடுக்கிறது, நீரைக் கெடுக்கிறது, உயிரோடு இருப்பவர்களுக்கு நோயைக் கொடுக்கிறது என்பது அவருடைய கருத்து. தம் மகனின் உடலை எரித்து அந்தக் கருத்தைச் செயலில் காட்டினார்.

* * *

கைது செய்தாகிவிட்டது. என்ன குற்றம் என்று எழுதுவது?

முதலில் கொலையா என்று பார்த்தார்கள். உடலைப் பரிசோதித்ததில் குழந்தை இயற்கையாகவே இறந்தது உறுதியானது. அந்தக் கதவு மூடியது. பிணத்தை எரிக்கக் கூடாது என்று சொல்லும் நாடாளுமன்றச் சட்டத்தைத் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. எரிக்கலாம் என்று சொல்லும் சட்டமும் இல்லை. புதைப்பது பற்றியும் கல்லறைத் தோட்டங்கள் பற்றியும் அடுக்கடுக்காகச் சட்டங்கள் இருந்தன. எரிப்பதைப் பற்றி எதிலும் ஒரு வார்த்தை இல்லை.

இந்த மௌனம் அப்போது ஏற்கெனவே பலரைத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், 1874-ல், விக்டோரியா மகாராணியின் அறுவை மருத்துவர் சர் ஹென்றி தாம்ப்ஸன் எரியூட்டலுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். நாவலாசிரியர் அந்தனி ட்ரோலப், ஓவியர் மிலே போன்ற பெயர் பெற்றவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். சங்கம் லண்டனுக்கு வெளியே வோகிங்கில் நிலம் வாங்கி எரிகூடம் கட்டியது. 1879 மார்ச்சில் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தும் பார்த்தது. உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பியது. உள்துறை அமைச்சர் தலையிட்டு, நாடாளுமன்றம் அனுமதிக்காமல் அங்கே மனித உடலை எரிக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தார். எந்தச் சட்டத்தின்படி நிறுத்தினார் என்று கேட்க அந்தக் கனவான்களுக்குத் துணிவில்லை. கட்டிய எரிகூடம் ஐந்து ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது.

நீதிமன்றங்களும் கேள்வியைத் தொட்டும் தொடாமலும் நகர்ந்திருந்தன. 1882-ல் ஒரு வழக்கு. தம் உடலை எரிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டு இறந்தார், வீட்டார் புதைத்துவிட்டார்கள். அவருடைய தோழி, வேறொரு இடத்தில் புதைக்கப்போவதாகச் சொல்லி அனுமதி வாங்கி, உடலைத் தோண்டியெடுத்து இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்தார். பிறகு அந்தச் செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். பணம் கிடையாது என்றார் நீதிபதி. எரிப்பது குற்றமா என்ற கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

பிரைஸைத் தண்டிக்க விரும்பியவர்களின் கையில் இன்னொரு பழைய தீர்ப்பும் இருந்தது. 1840-ல் ஸ்டூவர்ட் வழக்கில், இந்த நாட்டில் இறக்கும் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்தவ அடக்கம் பெறும் உரிமை உண்டு, யார் வீட்டுக் கூரையின் கீழ் ஒருவர் இறக்கிறாரோ அவர் உடலைக் கண்ணியமாக அடக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதையும் லின் தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் பிரைஸ் தப்ப முடியாது என்று தோன்றியது. புதைத்த உடலைத் தோண்டுவது நாகரிகத்துக்கு விரோதம் என்றால், புதைக்க வேண்டிய உடலை ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் பீப்பாயில் போட்டு எரிப்பது?

இரண்டு குற்றச்சாட்டுகள் எழுதப்பட்டன. ஒன்று, உடலைப் புதைக்காமல் எரிக்க முயன்றது. மற்றொன்று, மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு எரிக்க முயன்றது. இரண்டாவதற்குக் காரணம் இருந்தது. மரண விசாரணை அதிகாரி சனிக்கிழமையே பிரைஸுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: இறப்புக்கான காரணத்தைச் சொல்லும் மருத்துவச் சான்று வராவிட்டால் திங்கட்கிழமை விசாரணை நடக்கும் என்று. பிரைஸ் ஞாயிற்றுக்கிழமை தீ மூட்டினார்.

* * *

பிப்ரவரியில் வழக்கு கார்டிஃப் நகருக்கு வந்தது. சுற்றுக்கு வந்திருந்த நீதிபதி சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன்.

இந்தப் பெயரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊர் வழக்கறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகள் மனப்பாடமாக வைத்திருந்த 1872-ம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவர் இவர்தான். 1869 முதல் 1872 வரை வைஸ்ராயின் ஆட்சி மன்றத்தில் சட்ட உறுப்பினராகக் கல்கத்தாவில் இருந்தவர்.

அந்த இந்தியாவில் 1862 ஜனவரி 1 முதல் மெக்காலே வரைந்த தண்டனைச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருந்தது. அதன் இரண்டாவது பிரிவு, தொகுப்புக்கு விரோதமான செயலுக்குத் தொகுப்பின்படிதான் தண்டனை, வேறு விதமாக இல்லை என்று அறுதியிட்டது. அதற்கு முன் சென்னை நகருக்குள் ஆங்கிலக் குற்றவியல் சட்டமே ஆண்டது. 1862-க்குப் பிறகு, எழுத்தில் இல்லாத ஒரு குற்றத்தைச் சென்னை நீதிபதி தாமாகக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆண்டவர்கள் தங்கள் சொந்த நாட்டுக்குச் செய்துகொள்ளாத ஒரு பாதுகாப்பு இது. ஆளப்பட்டவர்களின் நன்மைக்காக மட்டும் அதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பல மதங்களும் பல வழக்கங்களும் கொண்ட நாட்டை ஒரே நூலால் ஆள்வது அவர்களுக்கு வசதி. என்றாலும் பாதுகாப்பு பாதுகாப்புதான்.

அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிய ஸ்டீஃபன், இங்கிலாந்துக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்று உழைத்தார். 1878-ல் வரைவு தயாரானது. அதை ஆராய அமைத்த ஆணையத்தில் அவரும் உறுப்பினர். காமன் லாவின் பெயரில் புதுக் குற்றங்களை அறிவிக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கு இனி வேண்டாம் என்று ஆணையம் 1879-ல் எழுதியது. சட்டம் அபூர்வமாக இயற்றப்பட்ட பழைய காலத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம், இப்போது நாடாளுமன்றம் முறையாகக் கூடுகிறது, புதிய தண்டனை தேவையென்றால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது ஆணையத்தின் வாதம். தலைமை நீதிபதி காக்பர்ன் வரைவைக் கடுமையாக விமர்சித்தார். மசோதா கைவிடப்பட்டது. இன்றுவரை இங்கிலாந்துக்கு அப்படி ஒரு தொகுப்பு கிடையாது.

ஆக, சட்டமாக நிறைவேறாத தம் கொள்கையைத் தீர்ப்பாக எழுத அவருக்குக் கார்டிஃப்பில் வாய்ப்புக் கிடைத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இந்த மனிதரில் இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது அவர் எழுதத் தொடங்கி 1873-ல் வெளிவந்த நூல், ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரக் கொள்கையை நேருக்கு நேர் எதிர்த்தது. பிறருக்குத் தீங்கில்லாதவரை தனிமனிதன் செய்வதில் சட்டம் தலையிடக் கூடாது என்றார் மில். ஸ்டீஃபன் அதை ஏற்கவில்லை. பெரும் ஒழுக்கக்கேடுகளைத் தண்டிக்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று வாதாடினார்.

ஒழுக்கத்தைக் காக்கச் சட்டம் கையை ஓங்கலாம் என்று நம்பிய நீதிபதி. ஊரின் ஒழுக்க உணர்வைக் காயப்படுத்திய கிழவர். பிரைஸுக்கு நல்ல காலமாகத் தெரியவில்லை.

* * *

அந்நாளில் ஒரு வழக்கு விசாரணைக்குப் போக வேண்டுமா என்று முதலில் பெரிய ஜூரி தீர்மானிக்கும். அவர்களுக்கு நீதிபதி சட்டத்தை விளக்குவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிகிற சடங்கு அது. ஸ்டீஃபன் அந்தச் சடங்கை ஓர் ஆராய்ச்சி உரையாக்கினார்.

ரோமானியர் காலத்திலிருந்து தொடங்கினார். பண்டைய உலகில் எரிப்பது வழக்கமாக இருந்ததையும், கிறிஸ்தவம் பரவியபோது அது மறைந்ததையும் சொன்னார். திருச்சபைச் சட்டம் அடக்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. ஆனால் எரிப்பதைத் தடுக்கும் விதி எதையும் தாம் காணவில்லை என்றார். எல்லோரும் புதைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

பிறகு லின் தீர்ப்பை எடுத்தார். இங்கேதான் வழக்கின் உயிர் இருந்தது. அந்தத் தீர்ப்பைத் தவறென்று அவர் ஒதுக்கவில்லை. ஆனால் அதை நீட்டவும் மறுத்தார். எது சட்டத்தால் தெளிவாகத் தடுக்கப்படவில்லையோ அது குற்றமல்ல. குற்றவியல் சட்டத்தின் முதன்மையான விதி இதுதான் என்றார். விதிவிலக்குகள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவை அரியவை, குறுகியவை, மிகுந்த தயக்கத்தோடும் வலுவான காரணத்தோடும் மட்டுமே ஏற்க வேண்டியவை என்று வரம்பு கட்டினார்.

எரிப்பதை எதிர்க்க நியாயமான காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நஞ்சு வைத்துக் கொன்றவன் உடலை எரித்துவிட்டால் தடயம் அழிந்துபோகும் என்ற ஆபத்தை அவரே எடுத்துச் சொன்னார். பலருடைய மத உணர்வு புண்படும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் நாடாளுமன்றம் எடைபோட வேண்டியவை. தம் முன்னால் நிற்கும் மனிதரைத் தண்டிக்க இவை போதா என்றார். வழக்கத்துக்கு மாறான, பார்ப்பவரைத் துணுக்குறச் செய்கிற ஒவ்வொன்றும் குற்றமாகிவிடாது.

ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார். அக்கம்பக்கத்தாருக்கு அருவருப்பும் தொல்லையும் உண்டாகும்படி எரித்தால் அது பொதுத் தொல்லை என்ற குற்றம். அதற்குத் தண்டனை உண்டு. மரண விசாரணை நடத்த முறையான காரணம் இருக்கும்போது அதைத் தடுக்கவே எரித்தால் அதுவும் குற்றம். கண்ணியமாக, யாருக்கும் தொல்லையில்லாமல் எரித்தால் குற்றமில்லை.

தாம் விரும்பாத செயலைத் தண்டிக்கும் அதிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முன்தீர்ப்பும் இருந்தது. ஊரும் அதைத்தான் கேட்டது. அந்த அதிகாரத்தை அவர் எடுக்கவில்லை. இந்தத் தொடரில் நாம் இதுவரை பார்த்த நீதிபதிகள் அத்தனை பேரும் சட்டத்தின் மௌனத்தைத் தங்களுக்குக் கிடைத்த அழைப்பாகப் படித்தவர்கள். ஸ்டீஃபன் அதே மௌனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு உரிய பாதுகாப்பாகப் படித்தார். என் கணிப்பில், பிரிட்டிஷ் குற்றவியல் சட்ட வரலாற்றில் ஒரு நீதிபதி செய்த மிகத் துணிவான செயல்களில் இது ஒன்று.

வழக்கு விசாரணைக்குப் போனது. பிரைஸ் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். முடிவில் விடுதலையானார். மார்ச் 14 அன்று அதே லான்ட்ரிசன்ட் மண்ணில் மகனின் உடலை எரித்து முடித்தார். இம்முறை யாரும் தடுக்க முடியவில்லை.

* * *

விளைவுகள் வேகமாக வந்தன. ஏப்ரல் 30 அன்று டாக்டர் கேமரன் என்ற உறுப்பினர் எரியூட்டலை முறைப்படுத்தும் மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 79 பேர் ஆதரித்தார்கள், 149 பேர் எதிர்த்தார்கள். மசோதா தோற்றது. ஆனால் ஸ்டீஃபனின் உரைக்குப் பிறகு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. தடை இல்லையென்றால் அனுமதி எதற்கு? 1885 மார்ச் 26 அன்று வோகிங் எரிகூடத்தில் ஜெனட் பிக்கர்ஸ்கில் என்ற பெண்ணின் உடல் எரியூட்டப்பட்டது. அங்கே எரிந்த முதல் மனித உடல் அதுதான். நஞ்சு பற்றி ஸ்டீஃபன் எழுப்பிய அச்சத்துக்காக மருத்துவச் சான்றுகளைச் சங்கம் தானே கட்டாயமாக்கியது. நாடாளுமன்றம் எரியூட்டலுக்கென்று சட்டம் இயற்றியது 1902-ல்.

பிரைஸ் 1893 ஜனவரியில் 92 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படியே லான்ட்ரிசன்ட் மலைமேல், இரண்டு டன் நிலக்கரியில் உடலை எரித்தார்கள். வேடிக்கை பார்க்க ஏறத்தாழ 20,000 பேர் மலையேறினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தீயை மண் போட்டு அணைத்த ஊர்.

* * *

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் காமன் லாவின் வரலாறு எளிதாக இருந்திருக்கும். ஸ்டீஃபன் பேசிய ஐந்தாவது மாதத்தில், 1884 ஜூலை 5 அன்று, தென் அட்லாண்டிக் கடலில் மிஞ்ஞொனெட் என்ற சிறு பாய்க்கப்பல் மூழ்கியது. சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. நான்கு பேர் ஒரு சிறு படகில் குதித்துத் தப்பினார்கள்: கேப்டன் டாம் டட்லி, எட்வின் ஸ்டீஃபன்ஸ், எட்மண்ட் புரூக்ஸ், 17 வயது வேலைக்காரச் சிறுவன் ரிச்சர்ட் பார்க்கர். படகில் குடிநீர் இல்லை. உணவென்று இருந்தது இரண்டு டின் டர்னிப் கிழங்கு.

ஜூலை 29 அன்று ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களைக் கண்டபோது படகில் உயிரோடு இருந்தவர்கள் மூவர்.

செப்டம்பர் 6 அன்று ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கியதும் டட்லி நடந்ததை ஒளிக்காமல் அதிகாரிகளிடம் சொன்னார். கடல்நீரைக் குடித்துச் சாகும் நிலையில் கிடந்த பார்க்கரைக் கத்தியால் கொன்றதையும், அவன் உடலைத் தின்றே மூவரும் பிழைத்ததையும். கடலில் காலங்காலமாக இருந்துவரும் வழக்கம் இது என்று அவர் நம்பினார். கைதாவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கொலைக்குத் தூக்கு என்று 1861-ம் ஆண்டுச் சட்டம் அப்போது சொன்னது. எது கொலை என்று அது சொல்லவில்லை. அதை வரையறுத்தது நாடாளுமன்றமல்ல, காமன் லா. உயிர் தப்ப வேறு வழியே இல்லாதபோது குற்றமற்ற ஒருவனைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. இங்கிலாந்தின் எந்த நீதிமன்றமும் அதை நேரடியாகத் தீர்த்து வைத்திருக்கவும் இல்லை. கார்டிஃப்பில் சட்டத்தின் மௌனம் ஒரு கிழவரை விடுவித்தது. நவம்பரில் எக்ஸெட்டர் நீதிமன்றத்தில் டட்லியும் ஸ்டீஃபன்ஸும் கூண்டில் ஏறியபோது, அதே மௌனம் அவர்களைக் காக்குமா, தூக்குமேடைக்கு அனுப்புமா?

(தொடரும்)